பணித்தளத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு வீடு: சிறு விமானம், ஒரு மாற்றம், இரண்டு பிள்ளைகள்

ஆற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் தோத்திரம். நாங்கள் மிஷனெரிக் குடும்பம். பணித்தளத்திலிருந்து டிசம்பர் 22-க்குள் வீடு சேர வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர், மகளுக்கு 7 வயது, மகனுக்கு அப்போது 23 மாதம். மகன் பிறந்தது இந்தப் பணித்தள நாட்டில்தான். இங்குள்ள புல் ஓடுதளத்திலிருந்து தலைநகரத்துக்குச் சிறு விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து இரவு விமானம், நடுவில் ஒரு மாற்றம், அதன்பின் எட்டு மணி நேரப் பயணம். கிழக்கு நோக்கிப் போகிறோம், நேர வித்தியாசம் 7 மணி. ஜனவரி கடைசியில் திரும்புவோம்.

சிறு விமானத்துக்கும் பெரிய விமானத்துக்கும் நடுவில் எத்தனை நாள் விட வேண்டும்? இரண்டு பெரிய விமானங்களையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் செலவு குறைகிறது, எடுக்கலாமா? நாங்கள் இருப்பது மலேரியா பகுதி, தடுப்பு மாத்திரை எடுத்தால் எப்போது நிறுத்துவது? இவை போக, எங்கள் கண்ணில் படாத ஏதாவது ஒன்று வழியில் நிறுத்திவிடுமோ என்பதுதான் பெரிய கவலை.

---

ஓடுதளம் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

மழைக்காலமாக இருந்தால் மூன்று நாள், வறண்ட காலமாக இருந்தால் இரண்டு நாள். ஒரு நாள் போதாது. புல் ஓடுதளங்களில் கருவிகளை நம்பி இறங்க வழி இல்லை. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்குகிறார். மேகம் தாழ்ந்திருந்தாலும் இருட்டப் போகிறது என்றாலும் வர மாட்டார். புல் நனைந்திருந்தால் கிளம்பும்போது வேகம் பிடிக்க நேரமாகும், இறங்கும்போது பிரேக் பிடிக்காது. ஆக, உங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் முந்தின இரவு பெய்த மழைக்காகவே பயணம் ரத்தாகலாம்.

ஒரு நாள் ஏன் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைக்கு ரத்தானால், உங்களுக்கு நாளைக்கு இடம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாளைய பட்டியலில் ஏற்கெனவே ஆள் இருப்பார்கள். நடுவில் ஒரு கர்ப்பிணியையோ பாம்பு கடித்தவரையோ ஏற்ற வேண்டி வந்தால் அவர்களுக்குத்தான் முதலிடம், அதுதான் நியாயமும். டிசம்பர் நடுவில் எல்லாப் பணித்தளத்திலிருந்தும் குடும்பங்கள் கிளம்புவதால் பட்டியல் நிரம்பியிருக்கும். இப்போதே பெயர் கொடுங்கள், காலை நேரத்தைக் கேளுங்கள். மதியத்துக்குமேல் வெயில் ஏற ஏற இடிமேகம் கட்டும். அதோடு சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்குத் தாங்குதல் குறையும். மேட்டுநில ஓடுதளமாக இருந்தால் இன்னும் குறையும். அதே விமானம் காலையில் தூக்குகிற எடையை மதியம் தூக்காது.

அடுத்தது எடை. 1945-இல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் மாதிரி அமைப்புகள் ஓட்டுகிற செஸ்னா 206-இல் விமானியோடு சேர்த்து மொத்தமே ஆறு இருக்கைதான். எரிபொருள், ஆட்கள், மூட்டை எல்லாம் ஒரே கணக்கில் வரும். அதனால் தராசில் பெட்டியை மட்டும் வைக்க மாட்டார்கள், நீங்கள், பிள்ளைகள், தோள்பை, கையில் இருக்கிற தண்ணீர் பாட்டில் வரைக்கும் நிறுப்பார்கள். முன்கூட்டிச் சொல்லும்போது போன வருட எடையைச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். சொன்ன எடைக்கும் தராசு காட்டுகிற எடைக்கும் 8 கிலோ வித்தியாசம் வந்தால், ஒரு பை ஓடுதளத்தின் ஓரத்திலேயே நிற்கும்.

பெரிய விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு தருகிறார்கள் என்று அந்தக் கணக்கில் கட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. உங்கள் பயணத்தின் அளவுகோல் சிறு விமானம். மடங்குகிற துணிப்பைகளில் கட்டுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வயிற்றுப்பகுதி அறைக்குள் நுழையாது, காலியாகவே நாலைந்து கிலோ தின்றுவிடும். தலைநகரத்து விருந்தினர் இல்லத்தில் உங்கள் மிஷனுக்கென்று பெட்டி கிடந்தால், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

---

இணைப்புச்சீட்டு எழுதியது:

தனித்தனி டிக்கெட் வேண்டாம். பிள்ளைகளோடு போகும்போது கண்டிப்பாக வேண்டாம்.

ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். டிக்கெட் போய்விடும். பல சமயம் அதே பதிவில் இருக்கிற ஜனவரி திரும்புகைப் பயணமும் தானாக ரத்தாகிவிடும். பெட்டியும் நேராகப் போகாது. நடுவில் இறங்கி, குடியேற்றம் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நடு நாட்டின் விசா வேண்டியிருக்கலாம். விசா இல்லையென்றால் தலைநகரத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. மிஷனெரிகளுக்கும் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும் தனிக் கட்டணத்தில் டிக்கெட் போடுகிற முகவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மிஷன் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். அந்த டிக்கெட்டுகளில் பெரும்பாலும் கூடுதல் லக்கேஜும், தேதி மாற்றுகிற வசதியும் சேர்ந்து வரும். சிறு விமானத்தை நம்பிக் கிளம்புகிறவர்களுக்குத் தேதி மாற்ற முடிவதுதான் பெரிய லாபம்.

விமானம் மாறுகிற நேரத்துக்கு நிறுவனங்கள் காட்டுகிற குறைந்தபட்சம் தனியாக ஓடக்கூடிய ஆளுக்குப் போட்ட கணக்கு. நீங்கள் மூன்று மணி நேரம் வையுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் இரண்டாவது விமானம் அந்த நாளின் கடைசி விமானமாக இருக்கக் கூடாது. தவறினால் அதே நாளில் இன்னொன்று இருக்கிற இணைப்பாகப் பாருங்கள். தலைநகரத்தில் பெட்டி போடும்போது, ஒட்டுகிற சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று நீங்களே படித்துவிட்டுக் கவுன்டரை விட்டு நகருங்கள்.

சிறு விமானம் தாமதமாகி இரவு விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், அது கிளம்புவதற்கு முன்னாலேயே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு மாற்றுங்கள். கிளம்பிய பிறகு பேசினால் கையில் ஒன்றும் இருக்காது.

உங்கள் கண்ணில் படாதது எது என்று கேட்டிருந்தீர்கள். மகன்தான். போகும்போது 23 மாதம், மடியில் உட்காரலாம். ஜனவரி கடைசியில் அவனுக்கு 2 வயது முடிந்திருக்கும், திரும்பும்போது தனி இருக்கை கட்டாயம். இதை இப்போதே முகவரிடம் சொல்லி, திரும்புகையைத் தனி இருக்கையுள்ள சிறுவர் டிக்கெட்டாகப் போடுங்கள். போகும்போது விமானத்தில் கைக்குழந்தைகளுக்குத் தருகிற தொட்டில் கிடைக்குமா என்று பார்க்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 10, 11 கிலோவோடு நிறுத்திவிடுவார்கள், இந்த வயதில் அதைத் தாண்டியிருப்பான். எட்டு மணி நேரம் மடியில் வைத்திருப்பது இருவருக்குமே கஷ்டம். முடியுமானால் போகும்போதும் இருக்கை வாங்குங்கள்.

அடுத்து அவன் பாஸ்போர்ட். பணித்தள நாட்டில் பிறந்தவன், அந்த நாட்டுக்குள் வந்ததற்கான முத்திரை அதில் இருக்காது. உள்ளே வந்த அடையாளம் இல்லாதவரை வெளியே விட பல நாடுகளில் தனி அனுமதி கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு விமான நிலையக் கவுன்டரில் இதைத் தீர்க்க முடியாது. இப்போதே குடியேற்ற அலுவலகத்தில் கேளுங்கள்.

நால்வர் பாஸ்போர்ட்டும் திரும்பி வருகிற நாளுக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்ல வேண்டும். பிள்ளைகளுடையது சீக்கிரம் முடிந்துவிடும் என்பதை மறந்துவிடுவோம். உங்கள் தங்கும் அனுமதி ஜனவரிக்குள் முடிகிறதா, மறுநுழைவுக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதையும் பாருங்கள். நவம்பர் கடைசியில் புதுப்பிக்கக் கொடுத்து, பாஸ்போர்ட் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொண்டால் பயணமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அலுவலகங்களில் ஆள் இருக்க மாட்டார்கள்.

மஞ்சள் காய்ச்சல் பகுதியாக இருந்தால் அந்தத் தடுப்பூசி அட்டை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று உலக சுகாதார அமைப்பின் விதி மாறிவிட்டது, பழைய அட்டைக்கும் இது பொருந்தும். அட்டையில் இருக்கிற பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கவுன்டரில் இருப்பவர் டைமேட்டிக் என்கிற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றலாமா என்று முடிவு செய்கிறார். உங்கள் பாஸ்போர்ட்டும் வழியும் கொடுத்து, அதில் என்ன வருகிறது என்று முகவரிடமே பார்க்கச் சொல்லலாம்.

---

ஆற்றங்கரை எழுதியது:

மகன் திரும்பும்போது இரண்டு வயது தாண்டுவான் என்பது தோன்றவே இல்லை. இன்றைக்கே முகவருக்கு எழுதுகிறேன், அனுமதி விஷயமும் விசாரிக்கிறேன். மிக்க நன்றி ஐயா.

மாத்திரை பற்றி யாராவது சொல்லுங்களேன். நாங்கள் இங்கே தொடர்ந்து எடுப்பதில்லை, கொசுவலைதான். போன தடவை மருத்துவர் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த அட்டோவகோன்-புரோகுவானில் என்கிற மலேரியா தடுப்பு மாத்திரை மீதி இருக்கிறது. இரவு விமானத்தில் மகன் தூங்குவதற்குச் சளி மருந்து கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

---

மருந்துப்பெட்டி எழுதியது:

சிஸ்டர், கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தூக்கத்துக்காகச் சளி மருந்து கொடுக்காதீங்க. இரண்டு வயசுக்குக் கீழே அந்த வகை மருந்து பாதுகாப்பில்லை. அதுபோக, சில குழந்தைகளுக்கு நேரெதிராக வேலை செய்யும், தூங்காம துள்ளிக்கிட்டு இருக்கும். மூடின விமானத்துல நடுராத்திரி அது தெரிய வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

மாத்திரை விஷயம். நீண்ட காலம் தங்கி இருக்கிறவங்க நிறைய பேர் தொடர்ந்து எடுக்கிறதில்ல, அதை உங்க மருத்துவரோட பேசி முடிவு பண்ணியிருப்பீங்க. ஒருவேளை எடுக்கிறதா இருந்தா கணக்கு இது. அட்டோவகோன்-புரோகுவானில் தினம் ஒரு தடவை, மலேரியா பகுதியை விட்ட பிறகு இன்னும் 7 நாள். டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுவினும் விட்ட பிறகு 4 வாரம். வீட்டுக்கு வந்துட்டோம்னு அன்னைக்கே நிறுத்துறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. டாக்சிசைக்ளின் 8 வயசுக்குக் கீழே கொடுக்கிறதில்ல, அதனால மகளுக்கு அது கிடையாது. நீங்க ரெண்டு மூணு நாள் தங்கப்போற தலைநகரமும் மலேரியா பகுதியா இருந்தா, அங்கிருந்து கிளம்பின நாளைத்தான் முதல் நாளா எண்ணணும். அந்த ஏழு நாள் மாத்திரையைக் கைப்பையில வையுங்க. பெட்டி தாமதமாச்சுன்னா மாத்திரையும் சேர்ந்து தாமதமாகும்.

மீதி இருக்கிறதை அப்படியே கொடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. இப்ப நிறுத்துப் பாருங்க, அளவு மாறியிருக்கும். அந்த மருந்தை எப்பவும் சாப்பாட்டோடயோ பாலோடயோ கொடுங்க, கொழுப்பு இல்லாட்டி உடம்புல சரியா ஏறாது. கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மறுபடி ஒரு தடவை கொடுக்கணும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாப் படுறது வேற. மாத்திரை எடுத்தாலும் எடுக்காட்டியும், வீடு போய்ச் சேர்ந்த பிறகு நாலு பேர்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே ரத்தம் பாருங்க. மலேரியாவுல ஃபால்சிபாரம்ங்கிற வகை பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல வரும். வைவாக்ஸ்ங்கிற வகை கல்லீரல்ல பதுங்கியிருந்து ஒரு வருஷம் கழிச்சும் எழும்பும். மலேரியா இல்லாத ஊர்ல மருத்துவர் டிசம்பர் மாசக் காய்ச்சலைச் சளிக்காய்ச்சல்னுதான் முதல்ல நினைப்பார். நீங்களே வாயைத் திறந்து, "மலேரியா பகுதியிலிருந்து வந்திருக்கோம்"னு முதல் வரியிலேயே சொல்லணும். ஒரு தடவை பார்த்து இல்லைன்னு வந்தா அத்தோட விட்டுடாதீங்க. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில மொத்தம் மூணு தடவை பார்த்த பிறகுதான் இல்லைன்னு சொல்ல முடியும். கிளம்புறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்டிருந்தா, உடனடிச் சோதனை அட்டை குணமான பிறகும் சில வாரம் இருக்குன்னே காட்டலாம். அப்ப ரத்தத்தை நுண்ணோக்கியில பார்க்கிற கண்ணாடித் தகட்டுச் சோதனைதான் கேக்கணும். எந்தத் தேதியில என்ன மருந்து எடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதி பாஸ்போர்ட்டோட வையுங்க. தாத்தா பாட்டி கையில ஒரு நகல் இருந்தா இன்னும் நல்லது. காய்ச்சல் வர்ற அன்னைக்கு நீங்க வேற ஊர்ச் சபையில இருக்கலாம், பிள்ளைகள் அவங்ககிட்ட இருக்கலாம்.

வழியில வயித்துப்போக்கு வந்தா உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போதும், பொடிங்கிறதால பாதுகாப்புச் சோதனையில தடை இல்லை. பொட்டலம் தீர்ந்துபோச்சுன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தட்டையா 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினா ஆபத்து, குவிச்சு அள்ளாதீங்க. மத்த திரவம் எல்லாம் 100 மில்லிக்குள்ள இருக்கணும். குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் பொதுவா விலக்கு உண்டு, ஆனா தனியா எடுத்துக் காட்டணும்.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரை தொட அரை மணி நேரத்துக்கு முன்னாடியே இறக்கம் ஆரம்பிச்சிடும். அப்ப மகன் தூங்கிட்டு இருந்தா எழுப்பி, ஏதாவது உறிஞ்சக் கொடுங்க. தூங்குற குழந்தையை எழுப்ப மனசு வராது, ஆனா தூக்கத்துல விழுங்குறது குறைவு, காது அடைச்சு அழுதுகிட்டே எழும்பும்.

---

பழைய_டிரங்கு எழுதியது:

லக்கேஜ் பற்றி இரண்டு வார்த்தை. மின்சாரம் இல்லாத இடத்திலிருந்து வருகிறவர்கள் பையில் பவர் பேங்க், சோலார் விளக்கு, உதிரி பேட்டரி எல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், கைப்பையில் கனம் குறையும். பெட்டி உடைந்தாலோ வராவிட்டாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார்ச் சீட்டு எழுதி வாங்குங்கள். விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும்.

---

ஓடுதளம் எழுதியது:

பழைய_டிரங்கு ஐயா, புகார்ச் சீட்டு பற்றிச் சொன்னது சரி. பேட்டரி விஷயத்தை மட்டும் திருத்த வேண்டும். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கைவைக்க முடியாது, மேலே பிடித்தால் அணைக்கலாம். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-ஹவர் (Wh) வரைக்கும் அனுமதி கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்குமேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாட்-ஹவர் இல்லாமல் எம்.ஏ.எச். (mAh) மட்டும் இருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111, ஒப்புதல் வேண்டும். எழுத்து தேய்ந்து படிக்க முடியாமல் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உதிரி பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

சாட்டிலைட் போனைப் பணித்தளத்திலேயே விட்டுவிடுங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் கொண்டுபோவது குற்றம், அந்த வழியாக மாறிப் போனாலும் சிக்கல்.

கிராமத்தார் அன்போடு கொடுக்கிற பொருளையும் பாருங்கள். இறகு வைத்த தலையணி, தோல் கட்டிய பறை, பவளம், ஆமையோடு எல்லாம் அழியும் நிலையில் இருக்கிற உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் மாட்டலாம். மரச் சாமானும் பாய், கூடைகளும் சுங்கத்தில் பூச்சிக்காகச் சோதிக்கப்படும், மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். செருப்பு, ஷூ அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் அதற்காகவே நிறுத்துவார்கள்.

---

ஈரில்லம் எழுதியது:

பிள்ளைகளின் தூக்கம் பற்றி. கிழக்கு நோக்கி 7 மணி நேரம் என்றால், அங்கே இரவு 8 மணி பிள்ளைகளின் உடம்புக்கு மதியம் 1 மணி. படுக்க வைத்தால் தூங்க மாட்டார்கள், அது அடம் இல்லை. காலை 7 மணி அவர்களுக்கு நள்ளிரவு. பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று சரியாகும். 22-ஆம் தேதி இறங்கினால் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு இருவரும் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்கள். தள்ளுவண்டியில் தூங்கட்டும், அல்லது ஒருவர் வீட்டில் அவர்களோடு இருங்கள்.

காலை வெயில் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் வழிக்கு முதல் நாள் அது எதிராக வேலை செய்யும். அவர்கள் வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் உடம்புக் கடிகாரத்தின் அடிமட்டம். அதற்கு முன் கடும் வெளிச்சம் பட்டால் கடிகாரம் இன்னும் பின்னுக்குப் போகும், பின்பு பட்டால் முன்னுக்கு வரும். பணித்தளத்தில் 6 மணிக்கு எழுகிற பிள்ளைக்கு இந்த அடிமட்டம் வீட்டு நேரப்படி காலை 10, 11 மணிக்கு வரும். ஆகவே முதல் நாள் 11 மணி வரை திரை போட்ட அறையில் வைத்து, அதன்பின் மதியம் முழுக்க வெளியே விளையாட விடுங்கள். அடுத்தடுத்த நாள் வெளியே போகிற நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். மதியத் தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்தோடு எழுப்பிவிடுங்கள்.

மகளைப் பற்றி ஒன்று. நமக்கு அது வீடு, அவளுக்கு அது விடுமுறைக்குப் போகிற இடம். ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர் 1950-களிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார். "ஊருக்கு வந்தது சந்தோஷமா?" என்று எல்லோரும் கேட்பார்கள், அவள் விட்டு வந்த சிநேகிதியை நினைத்துக்கொண்டிருப்பாள். கிளம்புவதற்கு முன் அவள் சிநேகிதிகளிடமும், நாய்க்குட்டியிடமும், தன் அறையிடமும் சொல்லிக்கொண்டு வர ஒரு முழு நாள் கொடுங்கள், மூட்டை கட்டுகிற அவசரத்தில் அந்த நாளைத் தின்றுவிடாதீர்கள். விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்கப் போகிற பெரியப்பா, அத்தை முகங்களைப் படத்தில் முன்பே காட்டிப் பழக்குங்கள். சபையில் மேடைக்குக் கூப்பிட்டு பணித்தளத்து மொழியில் ஒரு பாட்டுப் பாடு என்று கேட்பார்கள். முன்பே அவளிடம் கேட்டு, மாட்டேன் என்றால் போதகரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவளைக் கூட்டத்துக்கு முன்னால் மறுக்க வைக்காதீர்கள். இறங்கிய முதல் மூன்று நாள் எந்தச் சபைக்கும் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

---

ஆற்றங்கரை எழுதியது:

மகன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே எந்த முத்திரையும் இல்லை. குடியேற்ற அலுவலகம் தலைநகரத்தில்தான். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

---

இணைப்புச்சீட்டு எழுதியது:

அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, மகனுடைய பாஸ்போர்ட், உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் தங்கும் அனுமதி ஒட்டியிருக்கிற பக்கம், மிஷன் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், நால்வர் டிக்கெட் பதிவு. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு நகல். இரண்டு விஷயம் கேளுங்கள்: வெளியேற அனுமதி, ஜனவரியில் உங்களைச் சார்ந்தவனாகத் திரும்பி நுழைய அனுமதி. முதலாவதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், இரண்டாவதை நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. இதை அந்த மூன்று நாள் இடைவெளியில் முடித்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள், அது வானிலைக்காக விட்ட நாள். மிஷன் அலுவலகத்தில் யாராவது உங்களுக்காகப் போக முடியுமா என்று கேளுங்கள். அப்படியானால் அதிகாரக் கடிதமும் சேர்த்து, அடுத்து வருகிற சிறு விமானத்திலேயே கொடுத்து அனுப்புங்கள். முடித்த பாஸ்போர்ட் எந்த விமானத்தில் உங்களிடம் திரும்பி வரும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.